பிரேக் தெரியாத கால்

1991 ஜனவரி 6, ஞாயிறு

மழை ஒரு வழியாக விட்டது. காலையிலேயே கமாலுதீன் வந்து கீழே நின்று ஹார்ன் அடித்தான். புஷ்பராணி ஏழாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க இளைய சம்சாரம் வந்தாச்சு, போங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா? சிரித்துக்கொண்டே பூட்ஸை மாட்டினேன்.

ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பின்னால் கமாலுதீனுக்கு ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் எனக்கு சேற்றில் ஓட்டுகிற இந்தப் பழைய ஸ்கிரேம்பளர் வண்டியைத் தலையில் கட்டினான். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் சுங்க இலாகா கிளார்க்காக இருப்பவன் பேட்மிண்டன் ஆடுவான், கோயில் கமிட்டியில் சண்டை போடுவான். நாற்பத்தாறு வயதில் சேற்றில் மோட்டார் சைக்கிள் விடுகிறவன் பினாங்கிலேயே நான் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

தை பிறந்து வெயில் ஏறினால்தான் எங்களுக்கு சீசன். நோன்பு மாதம் வந்ததும் முடிந்துவிடும். இந்த வருஷம் நோன்பு மார்ச் நடுவிலேயே வருகிறது. அதற்கு முந்தின ஞாயிறு கெப்பாலா பத்தாஸில் அறுவடை முடிந்த வயலில் கடைசிப் பந்தயம். நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு ஓட்டம் உண்டு. அதில் ஓட வேண்டும். வேறு எதற்கும் இந்த வருஷம் ஆசை வரவில்லை, இதற்குத்தான் கொஞ்சம் வருகிறது.

இன்று அணைக்கட்டைத் தாண்டி மலைப் பாதையில் ஏறினோம். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது என்று எழுதி வைக்கிறேன். எழுதி வைத்தால் இருந்ததாக ஆகிவிடும்.

ஜனவரி 8

புஷ்பராணிக்கு இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் கிளினிக்கில் டாக்டர் சொன்னார், இனிப்பு நீர் என்று. ரத்தத்தில் சர்க்கரை நிறைய ஏறியிருக்கிறதாம். மாத்திரைகளை மோட்டார் சைக்கிளின் டூல் பையில் வைத்திருக்கிறேன். நினைவு வந்தால் போட்டுக்கொள்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? அவள் அப்பாவுக்கு இதே வியாதி. முதலில் ஒரு கால் போயிற்று, பிறகு இன்னொன்று, பிறகு ஆளே. சொன்ன மறுநாளே ஸ்கிரேம்பளரை விற்றுவிட்டு எனக்குக் கோப்பையில் சோறு அளந்து போடுவாள். பந்தயம் முடியட்டும், சொல்லிவிடலாம்.

வெறுங்காலோடு நடந்தாலும் சாக்ஸ் போட்டிருப்பது போலவே இருக்கிறது. அவ்வளவுதான், வலி ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, ஞாயிறு

கமாலுதீன் பின்னால் வந்துகொண்டிருந்தவன் கையைக் காட்டி நிறுத்தினான். என் பின் சக்கரத்திலிருந்து புகை.

"அண்ணே, பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஓட்றீங்க. கால எடுக்கவே மாட்டேங்கறீங்களே."

மிதிக்கவே இல்லையே என்றேன். அவன் என் வலது காலைப் பார்த்தான். பெடலின் மேல்தான் இருந்தது. அங்கே இருப்பது எனக்குத் தெரியவில்லை. பூட்ஸ் அடி தடிமன் என்று சொல்லிச் சமாளித்தேன். மரமண்டை, அவனும் நம்பிவிட்டான்.

திரும்பும்போது டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரே குடித்தோம். ரேடியோவில் குவைத் யுத்தம். எல்லாரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை, இன்னொரு தே கேட்டு வாங்கினேன். தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 25

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டுமாம். நவம்பரில் மழையில் நான் சறுக்கி விழுந்து கீறல் இல்லாமல் வந்தேன் அல்லவா, அப்போது புஷ்பராணி வேண்டிக்கொண்டாளாம். வேண்டிக்கொண்டது அவள், சுமப்பது நான். "விழுந்தது நீங்கதானே" என்றாள். நியாயம்தான்.

பிப்ரவரி 1, வெள்ளி

பூசம் முடிந்தது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

பால்குடத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தேன். போய்ச் சேரும்போது உச்சி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. காவடி எடுத்தவர்களே குதித்துக் குதித்துப் போனார்கள். பையன்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஊற்றிய இடம் அடுத்த நிமிஷம் காய்ந்தது. உடைத்த தேங்காய்ச் சில்லு வேறு ரோடு முழுக்க. எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக் கூடத்தில் நடப்பது போல நடந்தேன். முதலில் எல்லாரும் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

புஷ்பராணியின் அக்கா நல்லம்மா கூடவே வந்தார். படி ஏறும் முன் என் முகத்தையே பார்த்தார், பிறகு குனிந்து என் காலைத் தொட்டார். என்னைவிட பத்து வயது மூத்தவர்! "மாப்பிள்ளைக்கு அருள் இறங்கியிருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் 'வேல் வேல்' என்றார்கள்.

புஷ்பராணி அழுதாள். அவள் அழுது பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி அழுது பார்த்ததில்லை. இவனைக் கட்டியதற்கு இப்போதாவது ஒரு அர்த்தம் கிடைத்தது என்பது போல ஒரு முகம்.

எனக்கு அப்போதே தெரியும். தெரியுமா? நானும் கொஞ்சம் நம்பினேன். அந்தக் கூட்டத்தில், அந்த உறுமிச் சத்தத்தில், நம்பாமல் இருக்க முடியுமா? முருகனா இனிப்பு நீரா என்று நடுரோட்டில் நின்று விசாரிக்கவா முடியும்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு அடிப்பாதமும் கொப்புளம். வலது காலில் தேங்காய்ச் சில்லு ஒன்று ஏறி, உள்ளேயே இருந்தது. நானே பிடுங்கினேன்.

பிப்ரவரி 2

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிப்ரவரி 9

நல்லம்மா அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுகிறதாம், நான் திருநீறு பூச வேண்டுமாம். மாட்டேன் என்று எழுந்தேன். புஷ்பராணி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மாட்டேன் என்பது?

பூசினேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அக்காவுக்கு அது போதும். அடுத்த வாரம் கெப்பாலா பத்தாஸிலிருந்து யாரோ வருகிறார்களாம். நான் சுங்க இலாகாவில் பேனா பிடிக்கிறவன் ஐயா.

கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. சில்லு ஏறிய இடம் மட்டும் காயவில்லை. மஞ்சள் மருந்து போட எடுத்தேன், புஷ்பராணி பிடுங்கி வைத்துவிட்டாள். பூசத்தில் பட்ட புண் தானாக ஆறும், மருந்து போடக் கூடாது என்று அவளும் அக்காவும் முடிவு செய்துவிட்டார்கள். காலையும் மாலையும் திருநீறு வைக்கிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும்.

பிப்ரவரி 16, சனி

சீனப் புத்தாண்டு விடுமுறை. சிம்பாங் அம்பாட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டினோம். நானும் கமாலுதீனும் அவன் கூட்டாளி சுலைமானும்.

எழுதியே ஆக வேண்டும், நல்ல ஓட்டம். செம்மண் காய்ந்து இறுகி, சக்கரம் பிடித்துக்கொண்டு போயிற்று. மரவரிசை இரண்டு பக்கமும் ஓடுகிறது, வெயில் இலைக்குள் புகுந்து முகத்தில் அடித்து அடித்து விலகுகிறது, ஹெல்மெட்டுக்குள் நம் மூச்சு மட்டும் கேட்கிறது. தூரத்தில் எங்கோ பட்டாசு. ஒரு ஓடைக்குக் குறுக்கே ஒற்றைப் பலகை போட்டிருந்தார்கள். சுலைமான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். நான் நிறுத்தாமல் போய்விட்டேன்.

கமாலுதீன் வந்து ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான். பயமே இல்லையா அண்ணே என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. பலகையைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், விழுந்தால் முதுகு போகும் என்று தெரிந்தது. ஆனால் வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை. பாதத்தில் ஆரம்பித்தது மேலே ஏறிக்கொண்டு வருகிறதோ?

பிரேக்குக்கு இப்போது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பாதத்தை நம்புவதில்லை. முழங்கால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். கெட்டிக்காரன்தான் நான்.

பிப்ரவரி 24, ஞாயிறு

வீட்டில் ஏதோ நாறுகிறது என்று புஷ்பராணி காலையிலிருந்து தேடினாள். பல்லி செத்துக் கிடக்கும் என்று அலமாரியை நகர்த்தினோம், மெத்தையைப் புரட்டினோம். நானும் கூடவே குனிந்து தேடினேன். டார்ச் வேறு பிடித்தேன்.

எனக்குத் தெரியும் எங்கிருந்து வருகிறது என்று.

மார்ச் 3, ஞாயிறு

கமாலுதீனின் மனைவி ரொஸ்னா கிளினிக்கில் மிஸ்ஸி, நர்ஸ் வேலை. பட்டறையில் உட்கார்ந்திருந்தேன், சோறு கொண்டுவந்தவள் என் கிட்டே வந்ததும் நின்றுவிட்டாள். மூக்கு காட்டிக் கொடுத்திருக்கும். புருஷனை ஏதோ வாங்கி வர அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, ஒரு வாட்டி கால காட்டுங்க."

பத்தாம் தேதி பந்தயம், அதற்குப் பிறகு காட்டுகிறேன் என்றேன். இனிப்பு நீர் இருக்கிறதா என்று கேட்டாள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். புஷ்பராணி அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். பாத்திரத்தைத் திரும்ப மூடினேன். தானே போய்ச் சொல்வதாக எழுந்தாள். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினேன். அவள் தங்கச்சி வயதுப் பெண், அவளிடம் போய்க் கையைக் கூப்பினேன். வெட்கம் வந்ததா என்றால் அதுவும் இல்லை.

"பதினொண்ணாம் தேதி காலையில வரலைன்னா நானே வீட்டுக்கு வந்துருவேன் லா" என்று சொல்லிப் போனாள்.

மார்ச் 9

செயினுக்கு எண்ணெய் போட்டேன். பூட்ஸைத் துடைத்துப் பட்டறையிலேயே விட்டு வந்தேன். தூக்கம் வருகிறது.

மார்ச் 12, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. பக்கத்துக் கட்டில்காரரிடம் பேனா வாங்கி எழுதுகிறேன்.

மூன்றாவதாக வந்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு பேரில் மூன்றாவது. வயலில் தாளடி முள்ளு முள்ளாக நிற்கிறது, வரப்பை மேடாக்கித் தாண்ட விட்டிருந்தார்கள், புழுதியில் முன்னால் போகிறவன் தெரியவில்லை. மற்றவர்கள் வரப்புக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்கள், நான் குறைக்கவில்லை. கடைசிச் சுற்றில் பக்கத்துக் கிராமத்துக் கம்பத்து ஆட்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். பரிசு ஒரு சுவர்க்கடிகாரம்.

கமாலுதீன் ஓடிவந்து கட்டிப் பிடித்தான். மரத்தடியில் உட்கார வைத்து அவனே பூட்ஸைக் கழற்றினான். வலது பூட்ஸ் வரவில்லை. இழுத்தான். வந்ததும் கவிழ்த்தான். ரத்தமும் சீழும் கொட்டியது, கூடவே ஒரு நட்டு விழுந்தது. பட்டறை நட்டு, நல்ல கனமான நட்டு. முந்தின நாள் எதிலிருந்தோ உருண்டு உள்ளே போயிருக்கிறது. காலையில் மாட்டியதிலிருந்து, பயிற்சி ஓட்டம், முதல் ஓட்டம், கடைசி ஓட்டம் முழுக்க நான் அதை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அது பாதத்தில் தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தது.

அவன் அந்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வலிக்கலையா என்று கேட்கக்கூட இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். இருபது வருஷமாக விழுந்தவன், உடைந்தவன் எல்லாரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன் அவன்.

நான் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 13

ரொஸ்னா எல்லாவற்றையும் புஷ்பராணியிடம் சொல்லிவிட்டாள். டிசம்பரிலிருந்தே இனிப்பு நீர், மாத்திரை, எல்லாம்.

சாயங்காலம் புஷ்பராணி வந்தாள். வீட்டில் சாதாரணமாக இங்கத்திப் பேச்சுதான் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் அவள் அம்மாவின் யாழ்ப்பாணம் நாக்கில் ஏறும். "இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரா?" என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துணி மூடிய காலைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூசத்தன்னைக்கும் தெரியலையா?"

தெரிந்தது, அருளால் தாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்காவது அது மிஞ்சியிருக்கும். எத்தனையோ பொய் சொன்னவனுக்கு இன்னொன்று பாரமா?

"தெரியலை" என்றேன்.

தலையை ஆட்டினாள். கொண்டுவந்த கஞ்சியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றுமே சொல்லலையே. திட்டினாத்தான் என்ன? நாலு வார்த்தை திட்டிட்டுப் போனா என்ன கொறஞ்சா போகும்? அவ போட்ட திருநீறுதான் புண்ணு மேல இருந்துச்சு, அவ அதைத்தான் நினைக்கிறா, எனக்குத் தெரியும். கடவுளே, அது அவ தப்பில்லைன்னு வாயத் திறந்து சொல்லியிருக்கணும். அப்பவும் சொல்லலை.

மார்ச் 15

பெருவிரலும் அடுத்ததும் போயின. மயக்கம் தெளிந்து பார்த்தேன். கட்டு குட்டையாக இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

நோன்பு திறந்துவிட்டு கமாலுதீன் வந்தான். நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். எனக்கு அளந்து ஒரு கரண்டிதான், ரொஸ்னா உத்தரவு.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். சக்கரத்தில் புகை வந்த அன்றைக்கே அவன் புரிந்துகொண்டிருக்க வேண்டுமாம். இரும்புக்கு என்ன கோளாறு என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லையாம். நீ என்ன டாக்டரா என்றேன். "பூட்ஸ் என் பட்டறையில இருந்துச்சு அண்ணே. நட்டும் என்னோடது" என்றான்.

அழுகிறவனைத் தேற்ற வேண்டும் என்று தெரிந்தது. கையை நீட்டி அவன் தோளில் வைத்தேன். ஸ்கிரேம்பளரை விற்றுவிடு என்றேன். சுலைமான் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

ஏப்ரல் 1

வீட்டுக்கு வந்தேன். ஏழு மாடிக்கும் லிஃப்ட் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது போல.

ஏப்ரல் 6, சனி

நல்லம்மா அக்கா வந்தார், கூட கெப்பாலா பத்தாஸ் அம்மாள் ஒருவர், அவர் கையில் காய்ச்சலில் துவண்ட ஒரு பெண் குழந்தை. நான் அறைக்குள் படுத்திருந்தேன். அக்கா வெளியே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அருள் வாங்கியவர்களிடம் ஏதாவது ஒன்றைக் காணிக்கையாக எடுத்துக்கொள்வானாம் முருகன், மாப்பிள்ளையிடம் விரலை எடுத்துக்கொண்டானாம். அடேயப்பா.

புஷ்பராணி தட்டு எடுக்கப் போவாள் என்று நினைத்தேன். இந்தத் தைக்குப் பிறகுதான் பாசாரில் நாலு பேர் அவளுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள், கோயிலில் முன்வரிசை கிடைக்கிறது. அது இல்லாமல் அவளுக்கும் வேறு என்ன இருக்கிறது, என்னைத் தவிர?

வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அக்கா, அருளும் இல்ல ஒண்ணும் இல்ல. அவருக்குக் கால் செத்துப் போச்சு. அதான் தார் ரோடு சுடல. புள்ளைய கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போங்க."

அக்கா ஏதோ அதட்டினார். இவள் விடவில்லை. மருந்து போட விடாமல் திருநீறு வைத்தது நாம் இரண்டு பேரும்தான் என்றாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம், ரொம்ப நேரம்.

என் தலையணை ஈரமாக இருந்தது. ஏனென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. யாரும் வரவில்லை. சுலைமான் வண்டியை எடுத்துப் போனான் என்று கமாலுதீன் சொல்லி அனுப்பினான்.

ஏப்ரல் 21

காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை. புஷ்பராணி தரையில் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீன் வாங்கும்போது பார்ப்பது போல விரலுக்கு விரல் பிரித்துப் பார்க்கிறாள். இந்த மூன்று வாரமும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

இன்று குதிகாலில் விரலை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். திருநீறு வைத்தது உன் தப்பில்லை, நான்தான் வாயைத் திறக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலைக் கணுக்காலுக்கு நகர்த்தினாள்.

"இங்க?"

இல்லை.

இன்னும் மேலே. இல்லை. அவள் கன்னத்திலிருந்து சொட்டியது என் பாதத்தில் விழுந்தது. அதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் மேலே, ஆடுசதை ஆரம்பிக்கும் இடம். மெல்ல, ரேடியோ எங்கோ அடுத்த வீட்டில் பாடுவது போல, ஒரு சூடு.

"தெரியுது" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. விரலாக இருந்தது உள்ளங்கையாயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசம் வந்தது, அப்போதும் எடுக்கவில்லை.